லிங்கத்துரையின் நெஞ்சுக்குள் பாடியவர்கள்

லிங்கத்துரையின் நெஞ்சுக்குள் வேறொரு ஆள் பாடுவதைச் சந்தனக்கனி முதன்முதலாகக் கேட்டது கல்யாணமாகிப் பதினோராம் நாள் மத்தியானம், விருந்துக்கு வந்தவர்களெல்லாம் பஸ் ஏறிப் போய், கோழிக்குழம்புச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்தபோது. அவன் பாய்கூட விரிக்காமல் சிமெண்டுத் தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, அந்த நெஞ்சுக்குள்ளிருந்து, பக்கத்து வீட்டு டிவி சுவரைத் தாண்டி வருகிற மாதிரி, கபடி கபடி கபடி கபடி என்று ஒரு குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அது அவன் குரல் இல்லை. அவனுக்குத் திக்குவாய், அதிலும் க என்கிற எழுத்து அவன் நாக்கில் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, கனி என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் குழாயடியில் ஒரு குடம் பிடித்துவிடலாம்.

கனி குனிந்து காதை வைத்தாள். முதல் குரல் ஓய்ந்து கட்டைக் குரல் ஒன்று ஏறியது, அது ஓய்ந்து கீச்சுக் குரல் ஒன்று ஏறியது. காப்பி போடுகிற நேரம் வரை நாலு பேரை எண்ணினாள். அவன் எழுந்ததும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, உள்ள எத்தன பேரு இருக்காங்க?"

அவன் பாதிக் காப்பியைக் குடித்தான். "பி... பிடிச்சவன் பூராவும்."

"சாப்பாடு கேப்பாங்களா?"

"இல்ல."

"அப்ப சரி," என்றாள் கனி, டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

செந்தேரிவிளை தேரிக்காட்டு ஊர், மண் மிளகாய்த்தூள் மாதிரிச் சிவந்து கிடக்கும், அந்த மண்ணில் நடக்கப் பழகுகிற பிள்ளை விழுந்து எழும்போதே கபடிக்குப் பழகிவிடும். லிங்கத்துரை பதினாலு வயதில் பள்ளிக்கூட ஆட்டத்தில் ஒரே ஒருதரம் பாடிப் போனான். நடுக்கோட்டைத் தாண்டி வாயைத் திறந்தான், க என்றான், க என்றான், மூன்றாவது க வருவதற்குள் பி.டி. வாத்தியார் ஞானதிரவியம் சார் விசிலை ஊதி, பாட்டு அறுந்துபோச்சு, நீ அவுட் என்று கையைத் தூக்கிவிட்டார். அந்தப் பக்கம் நின்ற ஏழு பேரும் சிரித்தார்கள், வெளியே உட்கார்ந்திருந்த வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு ஓரத்தில், கார்னரில், போய் நின்றவன் அப்புறம் ஒருநாளும் கோட்டைத் தாண்டிப் பாடப் போகவில்லை. பாடுகிறவன் வருவான், வந்தவன் காலைத் தூக்குகிற நேரம் பார்த்து இவன் கணுக்காலைப் பிடிப்பான், பிடித்த கை பிடித்ததுதான், இழுத்து முதுகோடு தன் நெஞ்சைச் சேர்த்து அணைத்துக்கொள்வான், அந்த ஆள் கோட்டைத் தொடக் கையை நீட்டி நீட்டித் தவித்து, கபடி கபடி என்று கடைசி மூச்சு வரைக்கும் பாடி, விட்டுவிடுவான். விட்ட மூச்சு வேறெங்கும் போகாது. அணைத்த நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

அப்படித்தான் அவன் பத்தொன்பது வயதில் மாவட்டத்துக்கு ஆடினான், இருபத்தொன்றில் மாநிலத்துக்கு ஆடினான், ஒரு பெரிய நூல் மில் ஆட்டத்துக்காகவே வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது, அங்கிருந்து டிவியில் வருகிற ஆட்டத்துக்குப் போனான், செம்மண்ணை விட்டு நீல ரப்பர் விரிப்பில் ஷூ போட்டு ஆடினான், அரியானாக்காரனைப் பிடித்தான், வங்காளத்துக்காரனைப் பிடித்தான், ஆறரை அடி ஈரான்காரன் ஒருவனைக் கணுக்காலில் பிடித்து வேலியோரம் கன்றுக்குட்டியை மடக்குகிற மாதிரி மடக்கி உட்கார வைத்தான், உடும்பு லிங்கம் என்று பேப்பரில் போட்டோ வந்தது, சுவர் முழுக்கக் கோப்பை நின்றது, அத்தனைக்கும் நடுவில் ஒருதரம்கூட அவன் குரலை ஆடுகளத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் நெஞ்சுக்குள் புதிதாகப் பத்துப்பேர் இருப்பார்கள். இந்திக்காரன் பாடும்போது கபட்டி என்று டகரத்தை அழுத்துவான், கனி அரிசி களைந்துகொண்டே, இது புதுசா இருக்கே, எந்த ஊரு என்பாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதலில் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி வந்து கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு வெறும் கொறட்டைதான்ளா, ஒனக்குப் பாரு, மேட்சே நடக்கு," என்று பெருமூச்சு விட்டாள். பிறகு பிள்ளைக்காரிகள் வந்தார்கள், வயிற்றுவலியில் வீறிடுகிற கைப்பிள்ளையை லிங்கத்துரை நெஞ்சில் குப்புறப் போட்டால் எட்டுக் கபடிக்குள் கண் சொருகிவிடும் என்று கண்டுபிடித்தார்கள், அவனும் பிள்ளைக்கு ஒரு கை பிடித்தபடி கிடப்பான். மாவு சலிக்கிற பொம்பிளைகள் அவன் வீட்டு நிழலில் உட்கார்ந்து அந்தத் தாளத்துக்குச் சலித்தார்கள். கபடிக் குழுவின் செயலாளரும் சைக்கிள் கடைக்காரருமான ஐகோர்ட்துரை அண்ணாச்சி முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவன் நெஞ்சில் மைக்கைக் கட்டி ஒலிபெருக்கியில் விட்டார், வில்லுப்பாட்டுக்காரர்கள் கதையை விட்டுவிட்டு இதற்குக் குடம் தட்டத் தொடங்கியதும் பூசாரி ஓடிவந்து அதை நிறுத்தச் சொல்லும்படி ஆயிற்று. மாதம் ஒருதரம் பிரஷர் பார்க்க வருகிற நர்ஸம்மா, அவன் அட்டையில் நெஞ்சு என்ற இடத்துக்கு நேரே கபடி என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். டவுன் பஸ் நின்று கிளம்பும்போது கண்டக்டர் விசிலடித்தால் உள்ளே பாடுகிறவர்கள் அத்தனை பேரும் சட்டென்று நின்றுவிடுவார்கள், லிங்கத்துரையின் மூச்சும் சேர்ந்து நின்று முகம் கறுத்துப்போகும். இதைப் பார்த்துவிட்டு, செந்தேரிவிளை நிறுத்தத்தில் மட்டும் கண்டக்டர்கள் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். புதிதாக வருகிற கண்டக்டருக்குப் பழைய கண்டக்டர் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பையை ஒப்படைப்பார்.

பழைய ஆட்டக்காரர்களும் வருவார்கள். "தம்பி, எம்மூச்சு இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்," என்று ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒருத்தர் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். இளைப்பு நோய்க்காரர், வாசல்படி ஏறுவதற்குள் மூன்றுதரம் நின்றார். லிங்கத்துரை சட்டைப் பொத்தானைக் கழற்றினான். அவர் காதை வைத்துக் காத்திருந்தார், இவன் இல்லை, இவனும் இல்லை, இந்தா, இந்தா என்றார், இருபத்தாறு வயதில் அவர் விட்ட மூச்சு ஒரு திணறல் இல்லாமல் கிண்ணென்று பாடிக்கொண்டு போயிற்று. கேட்டு முடித்து எழுந்தவர் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, கனி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பத்திரமா வச்சுக்கோ தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுயம்பு விஷயம் அப்படி இல்லை.

சுயம்பு இரண்டு நிறுத்தம் தள்ளி ஓடைக்கரைப்பட்டிக்காரன், பாடிப் போவதற்கென்றே பிறந்தவன், அவன் பாட்டில் நாலு கபடிக்கு ஒருதரம் ஒரு சிறு சிரிப்பு வந்து விழும், மூச்சு விடாமலேயே சிரிப்பான், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எதிராளி தடுமாறுவான். மூன்று வருடம் அவனை ஒருத்தரும் பிடித்ததில்லை. ஒரு பங்குனியில் இரண்டு ஊருக்கும் நடந்த இறுதி ஆட்டத்தில் லிங்கத்துரை பிடித்தான். கணுக்கால் கையில் சிக்கியபோது சுயம்பு கோட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டான், குப்புற விழுந்து கையை நீட்டினான், அவன் நகத்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை செம்மண் கிடந்தது. அந்த நாலு விரற்கடையை அவன் தாண்டவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "அண்ணே, அடுத்த கொடைக்குப் பாத்துக்கிடுவோம்," என்று லிங்கத்துரையின் முதுகில் ஒரு அறை வைத்துவிட்டுப் போனான். இருபதாம் நாள் நாலுவழிச் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான்.

துட்டிக்கு லிங்கத்துரையும் கனியும் போனார்கள். பந்தலில் ஆம்பிளைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், மேளக்காரர்கள் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரம், பொம்பிளைகளும் அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரம், சாவு வீட்டில் அப்படியொரு அமைதி ஒருதரம் வரும், அந்த அமைதியில் லிங்கத்துரையின் நெஞ்சுக்குள்ளிருந்து கபடி கபடி கபடி கபடி, சிரிப்பு, கபடி கபடி என்று வந்தது. ஆம்பிளைகள் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். லிங்கத்துரை இரண்டு கையையும் நெஞ்சில் பொத்திக்கொண்டான், பொத்தினால் நிற்குமா. சுயம்புவின் அம்மா வெள்ளத்தாய் அவிழ்ந்த தலையோடு பிள்ளையின் கால்மாட்டிலிருந்து எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, அவன் கையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காதை வைத்தாள்.

"எம்பிள்ள," என்றாள்.

அதற்குப் பிறகு வெள்ளத்தாய் வெள்ளிக்கிழமை தவறாமல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்தாள். கையில் பனங்கிழங்கோ, கருப்பட்டியோ, ஒன்றும் இல்லாவிட்டால் நாலு முருங்கைக்காயோ இருக்கும். "ஏ லிங்கம், இருக்கியாப்பா," என்று வாசலில் கூப்பிடுவாள், அவன் வந்து படுப்பான், அவள் தலையைச் சாய்ப்பாள், உள்ளே அரியானாக்காரன், வங்காளத்துக்காரன், ஈரான்காரன் எல்லோரும் வழிவிட்டு ஒதுங்குவார்கள், சுயம்பு பாடுவான். அரைமணி நேரம் கேட்பாள். சிரிப்பு வருகிற இடத்தில் அவள் உதடும் அசையும். ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். லிங்கத்துரை டிவி ஆட்டத்தில் இருந்த மாதங்களில் போன் பண்ணுவாள், அவன் ஓட்டல் அறையில் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பான். இப்படி நாலு வருடம். இதற்கிடையில் கனிக்கு யாழினி பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், வெள்ளிக்கிழமை வருகிற ஆச்சியின் முந்தானையில் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்க்கப் பழகினாள்.

கஞ்சியில்தான் கனிக்கு விஷயம் தெரிந்தது. யாழினிக்கு ஒரு வழக்கம், அம்மா ஊதி ஆற்றிய கஞ்சியை அவள் குடிக்க மாட்டாள், அப்பா ஊத வேண்டும். முப்பத்துமூன்று வயதில் ஆட்டத்தை விட்டு ஊரோடு வந்துவிட்ட லிங்கத்துரை கிண்ணத்தைக் கையில் வாங்கி உதட்டைக் குவித்தான், ஊதினான், கஞ்சியின் மேலே ஏடு அசையவில்லை. இன்னொருதரம் ஊதினான். ஆவி நேராக எழுந்து போய்க்கொண்டே இருந்தது. யாழினி சிரித்தாள், அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தாள். கனி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கவனித்தாள். பேச்சு ஒரு சொல், இரண்டு சொல்லாகக் குறைந்திருந்தது. தண்ணீர்த்தொட்டி வரை போனால் சுவரைப் பிடித்தான். மத்தியானம் அவன் தூங்கும்போது அவள் காதை வைத்து ஒவ்வொரு குரலாக ஒதுக்கி ஒதுக்கிக் கேட்டாள், அத்தனை பேருக்கும் அடியில், கல்யாண வீட்டில் சொந்த வீட்டுக்காரன் உட்கார இடமில்லாமல் கொல்லைப்புறம் நிற்கிற மாதிரி, அவனுடைய மூச்சு நூலாக ஓடிக்கொண்டிருந்தது.

திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை, வெளியே ஆட்கள் காத்துக்கிடந்தார்கள்.

"இந்தக் கட்டைக்குரல் எங்க காலேஜ் ரைடர்லா," என்றார். பிறகு காதிலிருந்து கழற்றினார். "அம்மா, உள்ள இவருக்கு இடம் இல்ல. இதுக்கு நான் மருந்து எழுத முடியாது. இருக்கிறவங்க வெளிய போகணும். ஆவணிக்குள்ள போகணும்."

அப்போது வைகாசி. கனி ஆடாதோடை கொதிக்க வைத்துக் கொடுத்தாள், வேது பிடிக்க வைத்தாள், குப்புறப் படுக்க வைத்து முதுகில் தட்டினாள், முத்தாரம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்தாள். உள்ளே இருந்தவர்கள் நகரவில்லை. ஒருநாள் சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பொம்பிளைப் பிள்ளைகள் குச்சியால் கோடு போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியை நாலு பேர் பிடித்துவிட்டார்கள், பிடிபட்டவள் கபடி கபடி என்று கத்திக்கொண்டு கையை நீட்டினாள், அவள் கை தன்னைப் பிடித்தவர்களை அடிக்கப் போகவில்லை, முகத்தைத் துடைக்கப் போகவில்லை, கோட்டுக்கே போயிற்று. கனி கீரையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க," என்றாள் உள்ளே வந்து. "அவங்க வீட்டுக்குப் போகணும்னுதாங்க பாடுறாங்க. கோட்டைத் தொடத்தான தவிச்சாங்க, தொட விடாம நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்க. இருமுனா எப்படிப் போவாங்க? கோட்டுக்கு அந்தப் பக்கம் நீங்களே கொண்டுபோயி விட்டுட்டு வாங்க."

லிங்கத்துரை சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் போவது என்றால் பாடிக்கொண்டு போக வேண்டும்.

"சு... சுயம்பு?" என்றான்.

"அவனுந்தான்."

"சித்தி... வெ... வெள்ளிக்கிழம..."

"அவங்களுக்கு வெள்ளிக்கிழம. எம்பிள்ளைக்கு ஏழு நாளும் நீங்க வேணும்." கனி சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை, அன்றைக்குப் போட்டாள். யாழினி விளையாட்டை விட்டுவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "க... கேக்காம... வி... விடமாட்டேன்."

அதனால் கனி கேட்கப் போனாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைக்கரைப்பட்டியில் இறங்கி நடந்தாள். வெள்ளத்தாய் வாசலில் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தாள், உள்ளே அலமாரியில் சுயம்புவின் கோப்பைகள் துணி போட்டு மூடியிருந்தன. நலம் விசாரித்து, தண்ணீர் குடித்து, யாழினி ஆட்டின் காதைப் பிடித்து இழுத்து, எல்லாம் ஆன பிறகு கனி விஷயத்தைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. படத்தில் வெள்ளையாக இருந்ததைச் சொன்னாள், கஞ்சி ஆறாததைச் சொன்னாள், ஆவணி என்றதைச் சொன்னாள்.

வெள்ளத்தாய் குழையைக் கட்டி முடித்தாள். கயிற்றை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தாள்.

"எஞ்செல்போன்ல அவன் பேசுனது ஒண்ணுகூட இல்லளா," என்றாள். "போட்டோதான் இருக்கு. போட்டோ என்னத்தப் பேசும்."

"தெரியும் சித்தி."

"ஒம்பிள்ளைய, போ தாயி, இனி வராதன்னு சொல்ல ஒனக்கு வாய் வருமா?"

"வராது."

"பொறவு எங்கிட்ட வந்து கேக்க?"

"கேக்காம விடமாட்டேன்னு அவரு சொல்லிட்டாரு சித்தி. எனக்கா, கேக்காமலே விட்டாத்தேவலன்னுதான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

வெள்ளத்தாய் அவளைப் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. யாழினியின் கையில் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்து, "பஸ் வந்துரும், போயிட்டு வா," என்றாள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி பஸ் வந்தது, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போயிற்று, வெள்ளத்தாய் இறங்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இறங்கவில்லை. லிங்கத்துரை சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக் காத்திருந்தான், உள்ளே சுயம்பு கேட்க ஆளில்லாமல் பாடினான். ஆனி போயிற்று, ஆடி போயிற்று, லிங்கத்துரைக்கு இப்போது சொல் ஒன்றாகிவிட்டது, ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டான். கனி போய்ச் சொன்னதைக் கேட்டு ஐகோர்ட்துரை அண்ணாச்சி, ஆவணிக் கொடையின் கடைசி நாள் ஓடைக்கரைப்பட்டியோடு ஒரு ஆட்டம் என்று நோட்டீஸ் அடித்தார், கீழே வழக்கம்போல அனைவரும் வருக என்று போட்டார், அதற்குமேல் என்ன போடுவது என்று அவருக்கே தெரியவில்லை. ஓடைக்கரைப்பட்டிக் கேப்டன் வந்து அண்ணாச்சியிடம் பேசிவிட்டுப் போனான். "உள்ள இருக்கிறவங்க பாடி முடியுற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிப்போம் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு அவரு ஆட்டக்காரரு, நாங்களும் ஆட்டக்காரங்க. இரக்கப்பட்டு விட்டா அவருக்குத்தான் கேவலம்."

கொடை நாளில் வெயில் தாழ நாலு மணிக்கு ஆடுகளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, ஊர் முழுக்க நின்றது. ரிட்டயரான ஞானதிரவியம் சார்தான் நடுவர், விசில் கழுத்தில் தொங்கியது. கனி பிள்ளையோடு கயிற்றோரம் நின்றாள். லிங்கத்துரை சட்டையில்லாமல் கால்சட்டையோடு வந்தான், அண்ணாச்சி ஒரு கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அப்போது கூட்டம் ஒரு பக்கம் விலகியது. வெள்ளத்தாய் வந்தாள். தலையை அழுந்தச் சீவி முடிந்திருந்தாள், துவைத்த சேலை கட்டியிருந்தாள். கயிற்றுக்குள் குனிந்து நுழைந்து ஆடுகளத்தைக் குறுக்காக நடந்து லிங்கத்துரையிடம் வந்து நின்றாள். காதை வைக்கவில்லை.

"ஏ லிங்கம்," என்றாள். "நாலு விரக்கடதான பாக்கி. நான் அந்தாக்குல நிக்கேன். கொண்டு வந்து விட்டுரு."

சொல்லிவிட்டு ஓடைக்கரைப்பட்டிப் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் போய், மண்ணில் உட்காராமல், நின்றாள்.

லிங்கத்துரை நடுக்கோட்டில் வலதுகாலை வைத்து வாயைத் திறந்தான். முதலில் வந்தவன் ஈரான்காரன். அவன் குரல் வெளியே வந்ததும் கோட்டைத் தாண்டியது, தாண்டியதும் காற்றோடு காற்றாய்ப் பனைகளுக்குமேல் போய்விட்டது, ஒரு பனையோலை மட்டும் சலசலத்தது. பின்னால் அரியானாக்காரர்கள் வந்தார்கள், வங்காளத்துக்காரன் வந்தான், மில் ஆட்டத்துக்காரர்கள் வந்தார்கள், டாக்டரின் காலேஜ் ஆள் கட்டைக்குரலில் வந்தான், ராமநாதபுரத்துக்காரர் இருபத்தாறு வயதில் கிண்ணென்று வந்தார், அந்தந்தக் குரல் வர வரக் கூட்டத்தில் அந்தந்தப் பேரைச் சொன்னார்கள், ஊரை விட்டுப் போகிற விருந்தாளியைப் பேர் சொல்லி வழியனுப்புகிற மாதிரி ஒவ்வொருவனாய்ப் பேர் சொல்லி அனுப்பினார்கள், லிங்கத்துரை ஒருதரமும் மூச்சு வாங்காமல் எதிர்ப்பக்கத்தில் ஒவ்வோர் அடியாக வைத்து நடந்துகொண்டே இருந்தான், ஓடைக்கரைப்பட்டி ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள், வெயில் பனை உயரத்திலிருந்து குட்டையான உடைமர உயரத்துக்கு இறங்கிற்று, கூட்டத்தில் ஒருத்தரும் இடம் மாறவில்லை. பஸ்ஸில் பெரியவர்களை முதலில் இறங்க விடுகிற பையனைப் போல் சுயம்பு எல்லோருக்கும் கடைசியில் வந்தான். அது அவன் சொந்தப் பக்கம், அவனுக்கு அவசரமில்லை. கபடி கபடி கபடி கபடி, சிரிப்பு. லிங்கத்துரை கடைசிக் கோட்டருகே போய் நின்றிருந்தான். கபடி கபடி கபடி கபடி, சிரிப்பு. வெள்ளத்தாய் இரண்டு கையையும் நீட்டினாள். குரல் அவனை விட்டு இறங்கி அவள் கை வரைக்கும் போனதைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் செந்தேரிவிளையில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

"வந்துட்டியா மக்கா," என்றாள் வெள்ளத்தாய்.

அப்புறம் சத்தம் இல்லை. அந்தச் சத்தமில்லாத இடத்தின் நடுவில் லிங்கத்துரை எதிராளி மண்ணில் தனியாக நின்றான், உள்ளே ஒருத்தரும் இல்லை, கைப்பிள்ளை மூச்சளவுக்கு அவன் மூச்சு மட்டும் இருந்தது, கோடு இருபதடி தள்ளி இருந்தது. ஏழு பேரும் கையை அவிழ்த்தார்கள்.

"க," என்றான் லிங்கத்துரை.

ஓடினான். "க... க..." ஒருவன் கையைத் தட்டிவிட்டான், ஒருவனைத் தாண்டினான், கோடு பக்கத்தில் வந்த நேரம் இடது ஓரத்தில் நின்ற விடலை சாடி விழுந்து கணுக்காலைப் பிடித்தான், உடும்பு லிங்கத்தின் போட்டோவை வீட்டுச் சுவரில் ஒட்டிப் பழகிய பிடி அது, விடுகிற பிடி இல்லை. லிங்கத்துரை குப்புற விழுந்தான். மேலே மூன்று பேர் விழுந்தார்கள். கையை நீட்டினான். அவன் நகத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை செம்மண் இருந்தது.

"க," என்றான். "க... க..."

ஞானதிரவியம் சாரின் விசில் வாய்க்குப் போயிற்று. அந்த விசில் ஊதினால் அந்தச் சின்ன மூச்சும் பிடித்தவனின் நெஞ்சோடு போய்விடும் என்று அங்கே நின்றவர்களில் தெரியாதவர் இல்லை. கனி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். யாழினிதான் இடுப்பிலிருந்து, "அப்பா, வா," என்றாள்.

"பாட்டு அறுந்துபோச்சு சார்!" என்று யாரோ ஓடைக்கரைப்பட்டிப் பக்கத்திலிருந்து கத்தினான்.

ஞானதிரவியம் சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். மண்ணில் முட்டி போட்டு, லிங்கத்துரையின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

"அறுந்துபோகல," என்றார். "பாடிக்கிட்டுத்தான் இருக்கான். அன்னைக்கும் பாடிக்கிட்டுத்தான் இருந்தான், எனக்குத்தான் கேக்கத் தெரியல."

"க," என்றான் லிங்கத்துரை. ஒரு விரற்கடை. "க." இன்னொன்று. மேலே கிடந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு, முழங்கைத் தோல் மண்ணில் உரிய, க என்ற எழுத்தை ஒவ்வொன்றாக வைத்து வைத்து, நாலாவது விரற்கடையில் அவன் நடுவிரல் நுனி சுண்ணாம்பில் பட்டது. "கபடி," என்றான், முழுசாக.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மத்தியானம் அமைதியாகிவிட்டது. பழக்கம் விட்டுப்போனதால் தெருவுக்கு ஒருவாரம் தூக்கம் பிடிக்கவில்லை, கைப்பிள்ளைகள் வீறிட்டன, மாவு சலிக்கிறவர்கள் தாளம் தப்பினார்கள், ஜெயக்கொடி தன் வீட்டுக்காரர் குறட்டைக்கே சலித்துப் பழகிக்கொண்டாள். கண்டக்டர்கள் மட்டும் இன்னமும் தகரத்தில்தான் தட்டுகிறார்கள். லிங்கத்துரை ஊதினால் கஞ்சியில் ஏடு சுருங்கி ஓரத்துக்குப் போயிற்று.

கொடை முடிந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி பஸ்ஸில் வெள்ளத்தாய் வந்து இறங்கினாள். முந்தானையில் நாலு முருங்கைக்காய் இருந்தது. வாசலில் வந்து நின்றாள், எதற்கு வந்தோம் என்று தெரியாதவள் மாதிரி நின்றாள். கனி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். லிங்கத்துரை எழுந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வழக்கமான இடத்தில் போய்ப் படுத்தான்.

வெள்ளத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். கேட்டாள். நிழல் சற்று நகர்ந்தது, யாழினி முந்தானையை அவிழ்த்து முருங்கைக்காயைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

"இது யாருப்பா?" என்றாள் வெள்ளத்தாய், காதை எடுக்காமலே.

"நா... நாந்தான் சித்தி."

"ம்," என்றாள் அவள். இன்னும் கொஞ்சம் தலையை அழுத்தி வைத்துக்கொண்டாள். "நடுநடுவுல திக்குது."

"ஆமா."

"திக்கட்டும்," என்றாள். "ஒரு மணி பஸ் வார வரைக்கும் இருக்கேன்."